கற்பித்தல் பயிற்சிக்கு எந்த முன்பள்ளி? வன்னிப் பயிலுநர்களுக்கு ஓர் ஒப்பீடு

இலங்கையின் வடக்கே, வன்னிப் பகுதியில் முன்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தவர்கள் ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "கற்பித்தல் பயிற்சிக்கு ஊர் முன்பள்ளிக்கே போகவா, ரவுணில் நல்ல இடமாக ஒன்றைப் பிடிக்கவா?" கல்லூரியே இடம் ஒதுக்கிக் கொடுக்கும் பயிலுநர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. திறந்த பல்கலைக்கழகத்தின் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ், தேசிய தொழிற்தகைமை (என்.வி.கியூ.) 4ஆம் மட்டம், வேறு டிப்ளோமாக்கள் என்று படிக்கிறவர்களில் பலர்தான் தாங்களே இடம் தேடி, கடிதத்தோடு போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டடத்தையும் பெயரையும் பார்த்து இடம் பிடிக்காதீர்கள். பக்கத்தில் இருந்து உங்களைப் பார்த்து, "பிள்ளை, கதை சொல்லேக்க புத்தகத்தை உங்கட முகத்துக்கு நேர பிடிக்காதேங்கோ" என்று சொல்லக்கூடிய ஒரு ரீச்சர் எங்கே இருக்கிறாரோ, அங்கே போங்கள். மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, வழிகாட்டும் ஆசிரியை. அவர் பயிற்சி பெற்றவரா என்பது ஒரு கேள்வி. அதைவிட முக்கியம், நீங்கள் ஒரு செயற்பாட்டை நடத்தும்போது அவர் வகுப்புக்குள் இருப்பாரா என்பது. பல இடங்களில் பயிலுநர் வந்ததும் பொறுப்பாசிரியைக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கிறது. அவர் அலுவலக வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. மாதம் சில ஆயிரம் ரூபாய் கொடுப்பனவுக்கு, பதிவேடும் உணவும் பெற்றோர் கூட்டமுமாக ஒரு முன்பள்ளியையே தனியாகச் சுமக்கிறவர் அவர். ஆனால் உங்களுக்கு நட்டம். மேற்பார்வைக்கு வரும் விரிவுரையாளர் ஓரிரு தடவைதான் வருவார். மற்ற நாள் எல்லாம் உங்களைத் திருத்த ஆளில்லாமல் போய்விடும்.

இரண்டாவது, பிள்ளைகள் எவ்வளவு நேரம் உங்கள் கையில் இருப்பார்கள். ஒரு மூலையில் இருந்து அவதானிப்புப் பதிவேடு எழுதுவதோடு பயிற்சி முடிந்துவிடக் கூடாது. பிள்ளைகளை வட்டமாக இருத்தித் தொடங்கும் காலை வட்டத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பும் வரை ஒரு முழு நாளைத் தனியாக நடத்தும் கட்டம் வர வேண்டும். மூன்று வயதுக்காரரும், அடுத்த வருடம் முதலாம் ஆண்டுக்குப் போகிறவர்களும் சேர்ந்தே இருக்கும் வகுப்பு என்றால் இன்னும் நல்லது. ஜனவரி 31க்குள் ஐந்து வயது நிறைந்தவர்கள் முதலாம் ஆண்டுக்குப் போய்விடுவார்கள். ஆகவே முன்பள்ளிக்குள் ஒரு வயது வித்தியாசமே பெரிய வித்தியாசம். கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாத பிள்ளையும், பெயரை எழுதிக் காட்டும் பிள்ளையும் ஒரே பாயில் இருப்பார்கள்.

மூன்றாவது, விளையாட்டு. நீங்கள் படிப்பது விளையாட்டு வழிக் கற்றல். போகிற இடத்தில் காலை முழுவதும் கொப்பியில் "அ, ஆ" எழுதுவிக்கிறார்கள் என்றால், ஒப்படையில் ஒன்றை எழுதி, வகுப்பில் வேறொன்றைச் செய்ய வேண்டி வரும்.

பிறகு போக்குவரத்து, கைச்செலவு, முன்பள்ளி பதிவு செய்யப்பட்டதா என்பது. பதிவில்லாத இடத்தில் கிடைக்கும் கையொப்பத்தை உங்கள் நிறுவனம் ஏற்காமல் விடலாம். இதைத் தொடங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

## ஊர் முன்பள்ளி

கிராம அபிவிருத்திச் சங்கமோ, மாதர் சங்கமோ, சனசமூக நிலையமோ நடத்துகிற முன்பள்ளிகள்தான் வன்னியில் எங்கும் உண்டு. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு உதவி நிறுவனங்கள் கட்டிக்கொடுத்த ஒரு மண்டபம், முன்னால் ஒரு ஊஞ்சல், ஒரு சறுக்கு, சுவரில் மிருகங்களின் படம். ஒரு ரீச்சர், சில வேளை ஓர் உதவி ரீச்சர். இந்த இடங்களைப் பயிலுநர்கள் குறைவாக மதிக்கிறார்கள் என்பது என் மனத்தாங்கல்.

இங்கே கிடைப்பது வேறெங்கும் இலகுவில் கிடைக்காது. பிள்ளையின் வீடு உங்களுக்குத் தெரியும். தகப்பன் வயலுக்குப் போகிறாரா, கடலுக்குப் போகிறாரா, தாய் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் விடியமுன் போய்விடுகிறாரா, பிள்ளையை அம்மம்மாதான் வளர்க்கிறாரா என்பது தெரியும். அவதானிப்பு எழுதும்போது, "காலையில் சோர்வாக இருந்தான்" என்ற வரிக்குப் பின்னால் இருக்கும் காரணமும் கைக்கு எட்டும். பொருளும் காசில்லாமல் கிடைக்கும். சிரட்டை, பனையோலை, புளியங்கொட்டை, ஆற்று மணல், போத்தல் மூடி எல்லாம் அங்கேயே உண்டு. (ஒன்று மட்டும்: எண்ணுவதற்குக் குன்றிமணி வைக்காதீர்கள். அது நச்சு விதை. புளியங்கொட்டையைக்கூட மூன்று வயதுக்காரரின் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பக் கூடாது.)

மறைந்த செலவுகளும் உண்டு. தனி ஆசிரியை உள்ள முன்பள்ளி என்றால், அவர் லீவு எடுக்கும் நாளில் முழுப் பொறுப்பும் உங்கள் தலையில் விழும். அது அனுபவம்தான். ஆனால் பயிற்சியின் முதல் வாரத்தில் அப்படி ஒரு நாள் வந்தால் பிள்ளைகளுக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. ஊர் நிகழ்வுகளும் வரும். வாணி விழா, விளையாட்டு விழா, சங்கத்துக் கூட்டம் என்று "எங்கட பிள்ளைதானே" என்ற உரிமையில் வேலைகள் சேரும். எதையும் மறுக்க முடியாது.

பெற்றோரின் அவசரம் இன்னொன்று. இன்று நான்கு வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தாய்மாரில் பலர் 2009இல், போரின் கடைசிக் கட்டத்தில், பள்ளிச் சிறுமிகள். இடம்பெயர்ந்து, மரத்துக்குக் கீழும் முகாமிலும் படித்து, சிலர் அதோடு படிப்பை விட்டவர்கள். தங்கள் பிள்ளையின் கொப்பியில் எழுத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் துடிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. "விளையாட விடவே இஞ்ச அனுப்புறம்?" என்று ஒரு தாய் கேட்டால் அதை அறியாமை என்று ஒதுக்காதீர்கள். மணலில் விரலால் வரைவது எப்படிக் கையை எழுத்துக்குத் தயாராக்குகிறது, கோதுமை மாவைப் பிசைவது ஏன் பென்சில் பிடிக்க உதவுகிறது என்று பிள்ளையை வைத்துக் காட்டி விளக்க வேண்டும். அந்த உரையாடலை ஒரு தடவை நன்றாக நடத்தத் தெரிந்த பயிலுநர், பாதி ஆசிரியை ஆகிவிட்டார் என்றே நான் சொல்வேன்.

யாருக்குப் பொருந்தும்? பயிற்சி முடிந்ததும் ஊரிலேயே வேலை செய்ய நினைக்கிறவர்களுக்கு. சின்னப் பிள்ளை உள்ள தாய்மாருக்கு. துணுக்காய், மாந்தை கிழக்கு, பூநகரி போன்ற இடங்களில் உள்ளே இருந்து பிரதான வீதிக்கு வருவதே பாடாக இருப்பவர்களுக்கு. இரண்டு ரீச்சர்மார் உள்ள முன்பள்ளியாகப் பாருங்கள். சொந்த ஊரில் ஒருவர் மட்டும் என்றால், பக்கத்து ஊரில் இருவர் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். கொஞ்சத் தூரம் சைக்கிள் மிதித்தாலும் பரவாயில்லை.

## ரவுண் தனியார் முன்பள்ளி

வவுனியா நகரிலும் கிளிநொச்சி நகரிலும் மன்னாரிலும் கட்டணம் வாங்கி நடத்துகிற முன்பள்ளிகள் இருக்கின்றன. மொண்டிசூரிப் பொருட்கள், வயதுக்கொரு வகுப்பு, ஆங்கிலப் பாட்டு, ஒழுங்கான கால அட்டவணை எல்லாம் உண்டு. பல பிள்ளைகளை ஒரே நேரத்தில் எப்படி நடத்துவது, பொருட்களை எப்படி ஒழுங்குபடுத்துவது, பெற்றோருக்கு முன்னேற்ற அறிக்கை எப்படி எழுதுவது என்பதை நேரில் பார்க்கலாம். நல்ல பொறுப்பாசிரியை உள்ள இடம் என்றால் சில கிழமைகளிலேயே நிறையப் பிடித்துக்கொள்ளலாம். ஊர் முன்பள்ளியில் ஒரே ஆளைப் பார்த்துப் பழகுவதைவிட, நான்கைந்து ரீச்சர்மாரின் பாணியைப் பக்கத்துப் பக்கத்தில் பார்ப்பது பெரிய வாய்ப்பு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் காசு கட்டுகிற பெற்றோருக்கு முன்னால், பயிலுநர் கையில் வகுப்பைக் கொடுக்க நிர்வாகம் தயங்கும். மட்டை வெட்டவும், லமினேற் பண்ணவும், சாப்பாட்டுப் பெட்டி திறந்து கொடுக்கவும் வைத்துக்கொண்டு, மேற்பார்வையாளர் வரும் நாளில் மட்டும் வகுப்பைத் தருகிற இடங்களைப் பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறேன். இடம் கேட்கும்போதே, "நான் தனியாக நடத்த எந்தக் கிழமையிலிருந்து விடுவீர்கள்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லை என்றால் அதுவே பதில்.

செலவைக் கணக்குப் பாருங்கள். முன்பள்ளி எட்டு, எட்டரைக்குத் தொடங்கும். ரீச்சர்மார் அதற்கு முன் நிற்க வேண்டும். மல்லாவியில் இருந்து மாங்குளத்துக்கு வந்து, அங்கே ஏ9 வீதியில் பஸ் மாறிக் கிளிநொச்சிக்குப் போவதென்றால் முதல் பஸ்ஸைத் தவறவிட முடியாது. அந்த நேரத்தில் வருகிற பஸ்ஸில் பாடசாலைப் பிள்ளைகளும் உத்தியோகத்தர்களும் நெரிந்து நிற்பார்கள். சந்தியில் இறங்கி ஓட்டோ பிடித்தால் அது தனிக்காசு. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை நடமாடும் வீதிகளில் விடியமுன் ஸ்கூட்டியில் தனியாக வெளிக்கிடுவதை நான் ஒருவருக்கும் சொல்ல மாட்டேன். நகரில் அறை எடுத்தால் வாடகையும் சாப்பாடும். நிறத்துக்கொரு சாறி, பிறிஸ்டல் போட், மாபிள் தாள், கலை நிகழ்ச்சிக்குப் பங்குக் காசு என்று சில்லறையாகப் போவது மாதக் கடைசியில்தான் தெரியவரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே ஆங்கிலம் கலந்த சூழலில் பழகிவிட்டு, பிறகு உடையார்கட்டிலோ செட்டிகுளத்திலோ முன்பள்ளி நடத்தப் போகும்போது, வாங்கிய பொருள் இல்லாமல் என்ன செய்வது என்று திகைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பொருளைப் பார்க்கும்போதே, "இதை நான் ஊரில் எதைக் கொண்டு செய்வேன்?" என்று குறிப்பெழுதிக்கொண்டு வந்தால் அந்தக் குறை வராது.

நகரிலேயே வீடு உள்ளவர்களுக்கும், தனியார் முன்பள்ளியில் வேலை தேடப் போகிறவர்களுக்கும், பின்னாளில் சொந்தமாக ஒன்றைத் தொடங்கும் எண்ணம் உள்ளவர்களுக்கும் இது சிறந்த இடம்.

## ஏற்கெனவே வேலை செய்யும் இடம்

உதவி ரீச்சராக இருந்துகொண்டு படிக்கிறவர்கள் பலர். தங்கள் முன்பள்ளியிலேயே பயிற்சியையும் முடித்துவிட அனுமதி கிடைத்தால் சம்பளமும் போகாது, அலைச்சலும் இல்லை. வீட்டுச் செலவு உங்கள் கையில் என்றால் வேறு யோசனையே வேண்டாம், இதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆனால் இதில்தான் ஒன்றும் கற்காமல் முடித்துவிடும் ஆபத்து அதிகம். உங்கள் பழக்கங்களை அங்கே ஒருவரும் புதிதாகப் பார்க்கப் போவதில்லை. அதற்கு ஒரு வழி உண்டு. பக்கத்து முன்பள்ளி ரீச்சர் ஒருவரைக் கிழமையில் ஒரு காலை வந்து பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் அவரிடம் போய்ப் பாருங்கள். கைதொலைபேசியில் உங்கள் செயற்பாட்டை ஒளிப்பதிவு செய்து இரவில் போட்டுப் பாருங்கள். (பிள்ளைகளின் முகம் வருவதால் பெற்றோரிடமும் பொறுப்பாசிரியையிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். அதை எங்கும் பகிராதீர்கள்.) எத்தனை தடவை "கதைக்காதேங்கோ" என்று சொல்லியிருக்கிறீர்கள் என்று எண்ணினாலே போதும், திருத்த வேண்டியது தானாகத் தெரியும்.

## பகல் பராமரிப்பு நிலையம்

ஆடைத் தொழிற்சாலைக்கும் அலுவலகங்களுக்கும் போகும் தாய்மாரின் பிள்ளைகள் காலையிலிருந்து பின்னேரம் வரை இருக்கும் இடங்கள் இவை. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை இங்கேதான் நெருங்கிப் பார்க்கலாம். தூங்க வைப்பது, ஊட்டுவது, மலசலப் பழக்கம், தாயைப் பிரிந்து அழுகிற பிள்ளையைத் தேற்றுவது எல்லாம் புத்தகத்தில் படித்து வருகிற கைப்பழக்கம் இல்லை.

பயிற்சிக் காலம் முழுவதையும் இங்கே கழிக்க வேண்டாம். திட்டமிட்ட செயற்பாடுகளை நடத்திக் காட்டக் குறைவாகத்தான் வாய்ப்பு வரும். நேரமும் நீளம். நிறுவனம் அனுமதித்தால், முன்பள்ளியில் பெரும் பகுதியும் இங்கே சில நாட்களுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

## சிவில் பாதுகாப்புத் திணைக்களமும் திருச்சபைகளும்

போருக்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஒரு பகுதி முன்பள்ளிகள் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வந்தன. அங்கே ஆசிரியைகளுக்கு மற்ற முன்பள்ளிகளைவிடச் சம்பளம் கூடுதல். முன்பள்ளி என்பது கல்வியோடு இருக்க வேண்டியது, பாதுகாப்புத் துறையோடு அதற்கு என்ன வேலை என்ற கேள்வி இங்கே பல வருடமாக இருக்கிறது. நானும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் அங்கே இருக்கிற ரீச்சர்மாரும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், அவர்களில் அனுபவசாலிகள் பலர். பயிலுநருக்கு இதில் நடைமுறைக் கேள்வி, அனுமதியும் கையொப்பமும் யாரிடமிருந்து வரும் என்பதுதான். உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால், கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்று முதலில் தெளிவாக்குங்கள்.

திருச்சபைகளும் கன்னியர் மடங்களும் நடத்துகிற முன்பள்ளிகள் மன்னார்ப் பக்கம் கூடுதலாக உண்டு. ஒழுங்கும் தொடர்ச்சியும் அங்கே நன்றாக இருக்கும். ஊர் முன்பள்ளிக்குச் சொன்னவைதான் இவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

## எந்தத் தவணை

இடத்தைப் போலவே காலமும் முக்கியம். முதலாம் தவணையின் தொடக்கத்தில் வகுப்பு முழுவதும் அழுகைதான். பிள்ளையைப் பழக்கப்படுத்துவது எப்படி என்று கற்க அது அருமையான நேரம், ஆனால் திட்டமிட்ட செயற்பாட்டுக்கு மதிப்பீடு வாங்க நல்ல நேரமில்லை. மூன்றாம் தவணையில் வாணி விழா, ஒளி விழா, பிரியாவிடை என்று ஒத்திகைகள் நேரத்தைத் தின்னும். அதோடு மாரி. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வளவு இல்லாத வருடத்திலும் கார்த்திகை, மார்கழியில் குளத்து வான் பாய்ந்து, தாழ்பாலத்தால் போக முடியாமல் முன்பள்ளி பூட்டப்படும் நாட்கள் வரும். வரவு நாட்கள் குறைந்தால் பயிற்சி நீளும். தெரிவு உங்கள் கையில் இருந்தால் இரண்டாம் தவணையை எடுங்கள். மாரியில்தான் செய்தாக வேண்டும் என்றால், தூரத்து இடத்தை விட்டு நடந்து போகக்கூடிய இடத்தைப் பிடியுங்கள்.

## முடிவெடுக்கும் முன் ஒரு காலை

இரண்டு இடங்களுக்கு இடையில் மனம் இழுபடுகிறது என்றால், இரண்டுக்கும் ஒவ்வொரு காலை போய் ஓரமாக இருந்து பாருங்கள். விளையாட்டுப் பொருட்கள் எங்கே இருக்கின்றன? பிள்ளையின் கைக்கு எட்டும் தட்டிலா, வெளியார் வந்தால் காட்டுவதற்காகப் பூட்டிய கண்ணாடி அலுமாரியிலா? சுவரில் தொங்கும் சித்திரங்கள் ஒவ்வொன்றும் வேறு வேறாக இருக்கின்றனவா, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வீட்டையும் ஒரே தென்னையையும் வரைந்திருக்கிறார்களா? பிள்ளை ஒன்று அழுதால் ரீச்சர் குந்தியிருந்து அதன் கண்ணைப் பார்த்துக் கதைக்கிறாரா, நின்றபடி சத்தம் போடுகிறாரா? மலசலகூடத்தில் தண்ணீர் வருகிறதா? காலை உணவு கொடுக்கும்போது பிள்ளைகளைத் தாங்களே பரிமாற விடுகிறார்களா?

பொருள் குறைவாக இருந்தும் இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் தருகிற இடத்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லாமே சமமாக வந்தால் பஸ் செலவு குறைந்த பக்கம் போகலாம்.

## கேட்கப் போகும்போது

தவணை தொடங்குவதற்கு ஒரு மாதமாவது முன்னால் போங்கள். உங்கள் நிறுவனத்தின் கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்துவையுங்கள், ஒன்று முன்பள்ளிக்கு, மற்றது அதை நடத்தும் சங்கத்தின் தலைவருக்கு. வலயக் கல்வி அலுவலகத்தில் முன்பள்ளிகளுக்குப் பொறுப்பானவருக்கும், பிரதேச செயலகத்தில் உள்ள முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் அறிவித்துவிடுங்கள். எந்த ஊரில் எந்த ரீச்சர் பயிலுநர்களை அக்கறையோடு பார்ப்பார் என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். கடிதத்தைக் கொடுத்துவிட்டு வராமல், அந்தப் பெயரையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். பொருள் செலவை ரீச்சரின் கையிலிருந்து போக விடாதீர்கள். உங்கள் செயற்பாட்டுக்கு வேண்டிய மட்டையையும் பசையையும் நீங்களே கொண்டுபோங்கள், செய்து முடித்த துணைச்சாதனங்களை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அடுத்த வருடம் வேறொரு பயிலுநர் அதே வாசலில் போய்க் கேட்கும்போது அவருக்கும் இடம் கிடைக்கும்.